நாலு முறை கேட்டார்கள்

அரக்கோணத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள் நான். அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்த அரசனை எதிர்த்து ஏன் கிளம்பினார்கள் என்ற பாடத்தை இருபத்திரண்டு வருஷமாக எடுக்கிறேன். வரி, தேயிலை, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த உத்தரவுகள் என்று கரும்பலகையில் ஐந்து காரணங்களை எழுதிப் போடுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவார்கள். ஆறாவதாக ஒன்று விட்டுப்போயிருந்தது எனக்கு உறைத்ததே இல்லை. திருத்தணி மலைப்படியில் கேட்ட ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் உறைத்தது.

அம்மா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்குப் பதினொன்று. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பியை நான்தான் வளர்த்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஒருநாளும் அவனிடம் சொல்லிக்காட்டியதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. நகரிப் பக்கத்திலிருந்து அவனுக்குப் பெண் பார்த்து, திருத்தணியில் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து இருவரையும் குடிவைத்தேன். குடிவைத்ததோடு நான் நிற்கவில்லை. சுவருக்கு என்ன நிறம், பிறந்த பெண்ணுக்கு எந்தப் பள்ளி, பொங்கலுக்கு யார் வீட்டுக்கு முதலில் போவது, எல்லாம் இங்கிருந்து போனில் சொல்வேன். "ஆங், அக்கா" என்பான். அந்த இரண்டு சொல்லுக்கு அப்புறம் அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவடி எடுப்பவர் காலையில் குளித்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. வீட்டில் மூத்தவர் வந்து காவடியைத் தூக்கித் தோளில் வைத்த பிறகுதான் தண்ணீர், அப்புறம்தான் மலை. வீட்டில் மூத்தவள் நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தம்பியின் மகளுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பிழைப்பாளா என்று டாக்டர்களே வாய் திறக்காத நாட்கள் அவை. தம்பி மனைவி தெலுங்கு வழக்கப்படி என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வதினா, பாப்பா எழுந்துட்டா நானே பூக்காவடி எடுக்கறேன்னு நேந்துகினேன். சரிதானே?" என்றாள். அழுகிறவளிடம் என்ன பேசுவது என்று தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டேன். பெண் பிழைத்துக்கொண்டாள்.

ஆடி பிறந்ததும் போனில் மறுபடி கேட்டாள். "நம்ம வீட்ல பொம்பளைங்க பால்குடம்தான். காவடி அவன் எடுப்பான்" என்றேன். அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. எங்கள் அம்மா பால்குடம் எடுத்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்துத் தம்பி பேசினான். "அவ நேந்துகினது அக்கா. நான் எடுத்தா அவ மனசு ஆறாது" என்றான். "சொன்னதைச் செய்டா" என்று வைத்துவிட்டேன்.

கிருத்திகை அன்று திருத்தணியில் விடுமுறை, எங்கள் பள்ளிக்கு இல்லை. முழுநாள் விடுப்பை வீணாக்க மனசில்லாமல் அரைநாள் மட்டும் எழுதிக் கொடுத்தேன். காலையில் ஆறு மணிக்குத் தம்பி, "முத வண்டிக்கு வர முடியாதா அக்கா? குளிச்சிட்டு ஒக்காந்துகினு இருக்கோம்" என்றான். "ஒரு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் தூக்காதீங்க" என்றேன்.

ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா சாவியை நீட்டி, "பத்து மணிக்கே கெளம்பிட்டாங்களே" என்றார். சாவியை வாங்கவில்லை. கால் தரையில் பாவாமல் மலைக்கு ஓடினேன். இறங்குகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினேன். பாதிப் படியில், நிழலுக்காகக் கட்டிய மண்டபத்தில் அவர்கள் எதிரே வந்தார்கள். கும்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பூ உதிர்ந்த காவடி தம்பியின் கையில் இருந்தது. அவன் மனைவியின் மஞ்சள் புடவைத் தோளில் காவடித் தண்டு அழுத்திய ஈரத் தடம் இன்னும் இருந்தது. காவடியைத் தூக்கி அவள் தோளில் வைத்தது பன்னிரண்டு வயது மகள் என்று பிற்பாடு தெரிந்தது.

"நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். ஏறுகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

தம்பி குரலை உயர்த்தவில்லை. "கேக்காம செஞ்சிட்டீங்கன்னு மட்டும் சொல்லாத அக்கா. நாலு வாட்டி கேட்டோம்."

 அவன் மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றி இறங்கிப் போனாள். நான் கோயிலுக்கும் போகவில்லை, அவர்கள் வீட்டுக்கும் போகவில்லை. சாயங்கால வண்டியில் அரக்கோணம் வந்து, என் கையால் தின்று வளர்ந்த நன்றியில்லாத பயல் என்று தனியாக இருந்து திட்டினேன். வெகுநாள் திட்டினேன்.

அந்த வருஷம் பாடம் வந்தபோது ஐந்து காரணங்களையும் எழுதினேன். தனிநாடு என்று அறிவிப்பதற்கு முன்னால் குடியேறியவர்கள் அரசனுக்கு மரியாதையோடு விண்ணப்பம் அனுப்பினார்கள், அவன் அதை வாங்கவே மறுத்துவிட்டான் என்பது எனக்குத் தெரியும். பரீட்சைக்கு வராது என்று எப்போதும் தாண்டிப் போய்விடுவேன். அன்று தாண்ட முடியவில்லை. அவர்கள் அவனுக்கு அந்நியர்கள் அல்ல, அவன் மொழி பேசியவர்கள், அவன் தங்கள் பேச்சைக் காதில் வாங்குவான் என்று கடைசிவரை நம்பியவர்கள். ஆஸ்பத்திரி வராந்தா, ஆடி மாதத்துப் போன், தம்பியின் போன், காலை ஆறு மணி. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். நாலுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகள் பக்கம் திரும்பவே சற்று நேரமாயிற்று.

போன வருஷம் அவன் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை. இந்த ஆடியில் போன் வந்தது. "நாங்க காலைல ஆறு மணிக்கு மலைக்கு கெளம்பறோம் அக்கா. வரதுன்னா வா."

முன்பெல்லாம் எப்போது வருவாய் என்றுதான் கேட்பான். அந்த வித்தியாசம் நெஞ்சில் தைத்தது. ஆனாலும் முதல் வண்டிக்கு வருகிறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, "நான் என்ன எடுத்துகினு வரட்டும்?" என்று கேட்டேன். முப்பது வருஷத்தில் அவனிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.



"இரு அக்கா. அவகிட்ட கேட்டுட்டு சொல்றேன்" என்றான்.

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.