மாலதியின் ஹைட்ராக்களும் எலுமிச்சைத் தோட்டத்துக் கிணறும்

தை மாதம் இரண்டாவது சனிக்கிழமை சங்கரன்கோவில் போனேன். ஊர் பார்க்க இல்லை, சாமி கும்பிடவும் இல்லை. ஹைட்ரா பிடிக்கப் போனேன். சிரிக்காதீர்கள். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா, விலங்கியல் என் மனைவி மாலதியின் பாடம். ஆவணியில் அவள் இறந்துபோனாள்.

ஹைட்ரா என்பது நல்ல தண்ணீரில், இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அரை சென்டிமீட்டர் உயிர். ஒரு குழாய், வாயைச் சுற்றிச் சில நூல்கள், அவ்வளவுதான். மூளை கிடையாது. நரம்பு செல்கள் உடம்பு முழுக்க வலை மாதிரி பரவியிருக்கும். அவை நியூரோபெப்டைடு என்ற குட்டி மூலக்கூறுகளை வெளியே விடுமாம். ஒன்று உடம்பைச் சுருங்கச் சொல்லும், இன்னொன்று நீளச் சொல்லும். தாயின் உடம்பில் மொட்டாக வளரும் குட்டியைப் பிரிந்து போகச் சொல்லவும் ஒன்று இருக்கிறது. மாலதி அதைத்தான் ஒன்பது வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தால்கூட அதே பேச்சு. எனக்குப் பாதி புரியாது, தலையை ஆட்டுவேன்.

புளியங்குடி சாலையில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து அவள் கொண்டுவந்தவை மொட்டு விட்டுப் பெருகி எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கிண்ணங்களில் வாழ்ந்தன. அவள் போன பிறகு நான்தான் இரை போட்டேன். இரை என்றால், உப்புத் தண்ணீரில் பொரிக்கும் இறால் குஞ்சு. உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு நாள் அழுதுகொண்டே அலசாமல் போட்டுத் தொலைத்தேன். இரண்டே நாளில் எல்லாம் உருண்டையாகச் சுருங்கிக் கரைந்துவிட்டன. அவள் கைபட்டு வளர்ந்தவற்றில் மிச்சம் இருந்தது அவைதான். அவற்றை நானே கொன்றேன்.

அவளுடைய ஆய்வு மாணவி நந்தினி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அதே கிணத்து ஹைட்ரா கிடைச்சா மேடம் விட்ட வேலையை முடிச்சிடலாம் சார்" என்றாள். வேறு ஊர் ஹைட்ரா என்றால் ஒன்பது வருடத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். அதனால்தான் கிளம்பினேன்.

மதுரையில் காலை ஏழு மணிக்கு ரயில். டிக்கெட் முப்பது ரூபாய். சங்கரன்கோவிலில் இறங்கியபோது மணி ஒன்பதே கால். தோட்டம் அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். போய், காத்திருந்து, திரும்ப ஆட்டோவுக்கு அறுநூறு ரூபாய்.

"கெணத்துல அப்படி என்ன சார் இருக்கு?" என்று கேட்டார் டிரைவர்.

"பூச்சி மாதிரி ஒண்ணு. பிடிச்சிட்டுப் போகணும்."

"நல்ல ஆளு சார். எங்க ஊர்ல பூச்சியக் கொல்லத்தான் துட்டு செலவழிப்பாவ."

ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தேன்.

தோட்டக்காரர் வேலுச்சாமி அண்ணாச்சி வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். "அம்மா இல்லாம நீங்க மட்டும் வந்து நிக்கியளே சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு கிணற்றுக்குக் கூட்டிப்போனார்.

தண்ணீர் அடித்தரை வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. கல் இடுக்கில் ஒரு பாசி இல்லை, மேலே ஒரு இலை இல்லை. ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

"அம்மா தண்ணிய டெஸ்ட் பண்ணத்தான் வாராவன்னு நெனச்சுக்கிடுவேன். என்னவோ சொல்லுவாவ, எனக்கு வெளங்காது. அந்தப் பாசிக்குள்ள கைய விட்டு அளஞ்சுக்கிட்டே இருப்பாவ. எனக்கு ஒரே வெக்கமா இருக்கும் சார். இப்ப நீங்க வாரியன்னதும் மோட்டார் போட்டு எறச்சு, பாசி பூராத்தையும் சொரண்டி எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு வச்சிருக்கேன். நாலு நாள் வேலை."

படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் லென்ஸை வைத்துத் தேடினேன். கல்லைச் சுரண்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அவர் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தண்ணி எப்படி இருக்கு சார்?"

"ரொம்ப சுத்தமா இருக்கு அண்ணாச்சி."

"அம்மா பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாவ."

ஆமாம் என்றேன். அழுதுகொண்டே உப்பைக் கொட்டியவனுக்கு அவரைக் குறை சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் மனம் நோகக் கூடாதே என்று அந்தத் தண்ணீரையே இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். திரும்பும் வழியில் நந்தினிக்குப் போன் செய்து சொன்னேன். "சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

ஹைட்ரா தேடிப் போகிறவர்களுக்கு: மழை ஓய்ந்து தண்ணீர் தெளியும் தை, மாசி நல்ல காலம். ஆகாயத்தாமரை வேரையும் தண்ணீரில் ஊறிய இலையையும் சேர்த்தே எடுங்கள். வாய் அகன்ற பாட்டில் போதும், வெயில் படாமல் கொண்டுவாருங்கள். கிணறு யாருடையதோ அவரிடம் எதற்காக வருகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள், அப்படியே விட்டுவையுங்கள் என்றும் சொல்லுங்கள். வருகிறேன் என்று அண்ணாச்சிக்குப் போன் செய்தபோது நான் ஹைட்ரா என்ற பேச்சையே எடுக்கவில்லை. "மாலதி வந்து உட்கார்ந்த இடத்தை ஒரு தடவை பார்க்கணும் அண்ணாச்சி" என்று மட்டும்தான் சொன்னேன்.