டை எண்ணெய் கலக்கும் வளர்மதி

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீஸ் கேரியர் செய்வது பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஈர மண்பொடியை இரும்பு அச்சில் கொட்டி, பிரஸ்ஸைச் சுழற்றி அழுத்தி எடுத்தால் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அச்சில் எண்ணெய் தடவ வேண்டும். இல்லாவிட்டால் மண் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வரும். அச்சை டை என்பார்கள், அதில் தடவுவது டை எண்ணெய். கோதண்டபாணியின் பட்டறையில் முன்பு மண்ணெண்ணெய் தடவினார்கள். பிரஸ் ஓட்டும் பெண்களின் விரல் தோல் உரிந்தது. பிறகு அதுவும் கிடைக்காமல் போனது. அப்போதுதான் வளர்மதி பிரஸ்ஸிலிருந்து எழுந்து, மாற்று எண்ணெய் கலக்க மூலை அறைக்குள் போனாள். இன்னும் வெளியே வரவில்லை.

அவள் கலக்குவது ஆமணக்கு எண்ணெய், சோப்புக் கரைசல், தண்ணீர். போர் தண்ணியில் உப்பு அதிகம், சோப்பு திரிந்துவிடும். அதனால் கேன் தண்ணி. டிரில்லிங் மெஷினில் மோர் கடையும் மத்தை மாட்டி, அது சுழலும்போது எண்ணெயை நூல் பிடித்த மாதிரி விடவேண்டும். அவசரப்பட்டால் போச்சு. சரியாக வந்தால் பால் மாதிரி இருக்கும். மாலையில் கலக்கினால் மறுநாள் வேலை முடியும்வரை பிரியாது. அதற்குமேல் நாற்றம் எடுக்கும் என்பதால் தினமும் கலக்கியே ஆகவேண்டும்.

தினமும் என்றால் தினமும். தம்பி கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனாள். பிரஸ்கள் நின்றன, பெண்கள் கூலியில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருமுறை காய்ச்சலில் கிடந்தவளுக்கு முதலாளி ஆட்டோ அனுப்பினார். ஆஸ்பத்திரிக்கு என்று நினைத்து ஏறினாள். பட்டறை வாசலில் நின்றது.

ஜூனில் கணவன் தமிழ்செல்வனுக்குப் புதுச்சேரியில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. மகள் தமிழினியை அங்கேயே பள்ளியில் சேர்த்தார்கள். "ஆள் தயார் பண்ணிக் குடுத்துட்டு ஒரு மாசத்துல வரேன்" என்று வளர்மதி இருவரையும் பஸ் ஏற்றிவிட்டாள். "ராத்திரி பூரா பிரியாம நிக்கற மாதிரி வேற ஒருத்தர் கலக்கட்டும், நீங்க தாராளமா போங்க" என்றார் கோதண்டபாணி. ஆனால் "தீபாவளி போகட்டும், பாப்போம்" என்றும் சொன்னார். தீபாவளியும் போனது.

கற்றுக்கொள்ள வந்தவள் அமிர்தம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருபவள், பிரஸ்ஸில் கெட்டிக்காரி. வளர்மதியைவிட நிதானமான கை. மாலையில் அவள் கலக்கிவிட்டுப் போகும்போது பால் மாதிரி இருக்கும். காலையில் பார்த்தால் மேலே மஞ்சள் எண்ணெய், கீழே கலங்கல் தண்ணீர். ஒவ்வொரு முறையும் அப்படியே.

கையில் தப்பில்லை, பிறகு எதில்? நேற்று அமிர்தம் கலக்கி முடித்ததும், அவள் கை கழுவப் போன நேரத்தில், வளர்மதி ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் அலமாரியில் வைத்தாள். காலையில் பாட்டிலில் இருந்தது துளிகூடப் பிரியவில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து, கலவை வைத்திருந்த கேனைத் திறந்தாள். பிரிந்திருந்தது. கீழே இருந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது.

அமிர்தம் வந்ததும் வளர்மதி நேராகவே கேட்டாள்.

"உப்பு போட்டியா?"

அமிர்தம் மறுக்கவில்லை. "கொய்யாக்காய்க்குத் தொட்டுக்கக் கொண்டாந்ததுக்கா."

"ஏண்டி?"

"ஒங்களுக்குக் காய்ச்சல்ல ஆட்டோ அனுப்புனாங்களே. போர்வையோட எறங்குனீங்க, நாங்கெல்லாம் பாத்துட்டுதான் இருந்தோம். எனக்கும் கலக்க வரும்னு தெரிஞ்சா, அந்த ஆட்டோ நாளைக்கு எங்கூட்டுக்கு வரும்."

"ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் ஆட்டோ அனுப்ப மாட்டாரு. பஸ்ஸுலதான் வரணும்."

அமிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அதை விழுங்கிக்கொண்டாள். "ஒங்க பொண்ணு அங்க அம்மா இல்லாம இருக்குதுன்னு தெரியும்க்கா. இன்னைக்குப் போட வேணாம்னுதான் ஒவ்வொரு நாளும் நெனைக்கறேன். பஸ்ஸுக்குக் கெளம்பற நேரத்துல பயம் வந்துடுது."

வளர்மதி பதில் சொல்வதற்குள் கோதண்டபாணி உள்ளே வந்து கேனை எட்டிப் பார்த்தார்.

"இதுவும் போச்சா? விடுங்க வளர்மதி. பொங்கல் வரைக்கும் இருங்க. அப்புறம் பாப்போம்."

வளர்மதியின் கை பைக்குள் போனது. எடுக்காவிட்டால் பொங்கல், பொங்கலுக்குப் பிறகு சித்திரை. எடுத்தால் இந்த அறை அமிர்தத்துக்கு. பாட்டிலின் மூடி விரலில் தட்டுப்பட்டது. அவள் கண்ணில் தமிழினி தெரிந்தாள். அமிர்தமும் எதிரேதான் நின்றாள்.

எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது அதே கேன்ல எடுத்தது மொதலாளி. அமிர்தம் கலக்குனது. ராத்திரி பூரா எங்கூட்டுல இருந்துச்சு."

கோதண்டபாணி பாட்டிலைக் கவிழ்த்தும் குலுக்கியும் பார்த்தார். "அப்ப கேன்ல மட்டும் ஏன் பிரிஞ்சுது?"

அமிர்தம் வளர்மதியைப் பார்த்தாள்.

"கேன் சரியா கழுவல. நான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் வளர்மதி. "ஆனா ஒண்ணு. ஒருத்தி தலையிலயே கட்டாதீங்க. பிரஸ்ல இருக்கறவங்க எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க. மாத்தி மாத்திக் கலக்கட்டும். இல்லன்னா இவளும் என்னை மாதிரி போகணும்னு ஒரு நாள் வந்து நிப்பா."

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டிலோடு வெளியே போனார்.

அமிர்தம் பிரிந்த கலவையைச் சாக்கடையில் ஊற்றிக் கேனை நான்கைந்து முறை அலசினாள். அதைத் துணியால் துடைத்தபடி கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை போறீங்களா?"

"போறேன்."

"போயிட்டுப் போன் பண்ணுங்கக்கா. அங்க ஆள் எடுக்கறாங்களான்னு எனக்கும் கேளுங்க."

வெளியே பிரஸ்களுக்கு முன்னால் பெண்கள் வந்து உட்காரத் தொடங்கியிருந்தார்கள். கேனில் சொட்டு எண்ணெய் இல்லை. அமிர்தம் டிரில்லை எடுத்து மத்தை மாட்டினாள். வளர்மதி எண்ணெய்ச் செம்பை மெல்லச் சாய்த்தாள்.