நற்சான்று கேட்டவர்

டெல்லியில் நல்ல தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அரிது. எனக்குக் கிடைத்தவர் மே மாத வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இவ்வளவு நிதானமானவர் ஏமாற்ற மாட்டார் என்று முடிவுகட்டினேன். ஆளை எடைபோடுவதில் என் திறமை அப்படி.

லோதி ரோட்டிலுள்ள என் சிறிய அலுவலகத்தில் திங்கட்கிழமை சேருவதாக ஒப்புக்கொண்டு, என் வீட்டில் கேசரியும் சாப்பிட்டார். அவரை நம்பி ஒரு பெரிய புத்தக வேலையை ஏற்றேன். விண்ணப்பித்த மற்றவர்களை வேண்டாமென்று அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நம் மொழிபெயர்ப்பாளரை அங்கே எடுக்கப்போகிறார்களாம். நற்சான்று சொல்ல என் பெயரைக் கொடுத்திருக்கிறாராம். பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு, போனில் நம் ஆளைப் பிடித்தேன்.

"என்னய்யா இது, என்கிட்டயேவா சர்டிபிகேட்?"

மறுமுனையில் கண்ணாடி துடைக்கிறார் என்று புரிந்தது.

"டபுள் சம்பளம் சார், தப்பா நினைக்காதீங்க. இண்டர்வியூல நீங்க புகழ்ந்த மாதிரி எங்கப்பாகூட என்னைப் புகழ்ந்ததில்ல. வேற யார் பேரைக் குடுப்பேன்?"

"திங்கக்கிழமை நான் என்ன பண்றது?"

"நீங்க சமாளிச்சுடுவீங்க சார்."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அருமையான மொழிபெயர்ப்பாளர் என்றேன். அது உண்மை. "சொன்ன தேதியில் சேர்ந்துவிடுவாரா?" என்று இந்தியில் கேட்டார். நிச்சயமாக என்றேன், ஏன் சொன்னேனோ தெரியவில்லை.

அங்கே சொன்ன தேதியில் சேர்ந்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.