அக்கா பெயரில் போன அழைப்பு

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று காலை ஒரு வரலாற்று முடிவை எடுத்தேன். கிரிக்கெட்டை இலவசமாகப் பார்க்க, ராகலை ஊர் நண்பர் அனுப்பிய, பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்பை எச்சரிக்கையை மீறிப் போட்டேன்.

என் போன் ஏற்கெனவே உடைந்திருந்தது. போட்டது, போன மாதம் தேயிலை மலையில் குளவி கொட்டி இறந்த அக்காவின் போனில்.

அது கேட்ட எல்லா அனுமதியும் கொடுத்தேன். உடனே போனில் பெயரோடு பதிந்திருந்த அத்தனை நம்பருக்கும் அக்கா பெயரில் அழைப்புச் செய்தி போனது.

அக்காவோடு தேயிலைக் கொழுந்தெடுத்த முனியம்மா அழைத்தார்.

"தம்பி, ஒங்கக்கா என்னையக் கூப்புடுறா. 'முனியம்மா, நான் இங்க இருக்கேன், நீயும் வா'ங்குறா."

"அது ஆப்புங்க. நான்தான் போட்டேன்."

"நீ போட்ட, சரி. எம்பேரு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

விளக்கம் என்னிடம் இருந்தது. அதற்குள் போனை வைத்துவிட்டார்.

அக்கா இறந்த மலைக்கு இன்று கொழுந்தெடுக்க ஒருவரும் போகவில்லை.