என் சைபருக்கு அம்மா நியாயம் கேட்கப் போனது

போன தவணை முடிவில் என்னிடமும் கேட்டார்கள். நான் படிப்பிக்கிற வகுப்பில் சில பிள்ளைகளுக்கு வாசிப்பில் புள்ளி குறைவு. கொஞ்சம் கூட்டிப் போட்டால் கல்வி வலயத்தில் பாடசாலைக்கு நல்ல பேர், யாருக்கும் நட்டமில்லை என்றார்கள். மாட்டேன் என்றேன். இந்தப் பிடிவாதத்தை எங்கே படித்தாய் என்று ஒரு மூத்த ஆசிரியர் சலித்துக்கொண்டார். பயிற்சிக் கல்லூரியில் படிக்கவில்லை. சின்ன வயதில், மூன்றாம் ஆண்டு வகுப்பில் சைபர் வாங்கிப் படித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இறம்பொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அம்மா கொழுந்து பறித்தார். அப்பா கொழும்பில் ஒரு கடையில் நின்றார். நான் புத்தகத்தை விரித்தாலே, நாங்கள் குடியிருந்த வரிசைவீட்டு லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து நின்று கேட்பார்கள். அப்படியொரு வாசிப்பு என்னுடையது. தண்ணீர் மாதிரி ஓடும்.

அந்த வாசிப்பின் இரகசியம் எளிமையானது. எங்கள் வகுப்பில் வாசிப்பு என்றால் எல்லோரும் சேர்ந்து கத்துவது. முன்வாங்கில் எவனாவது தொடங்குவான், பின்னால் நாங்கள் பிடித்துக்கொள்வோம். கேட்டுக் கேட்டே பாடமெல்லாம் எனக்குள் ஏறிவிட்டது. முயல் படத்தைப் பார்த்தால் முயல் பாடம் வாயில் வந்து நிற்கும், ரயில் கோச்சிப் படத்தைப் பார்த்தால் கோச்சிப் பாடம். படத்துக்குக் கீழே எறும்பு மாதிரி ஊர்ந்த எழுத்துகளோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. இதை ஏமாற்று என்று நான் நினைக்கவேயில்லை. வாசிப்பு என்றால் அதுதான் என்று மனதார நம்பியிருந்தேன்.

அந்த வருடம் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். சம்பளமென்று சொல்ல முடியாத சொற்பத்துக்குப் படிப்பிக்கும் தொண்டராசிரியர். மற்ற ஆசிரியர்கள் வகுப்பிலேயே பிள்ளைகளைக் கத்தவிட்டு வாசிப்புப் பரீட்சைக்குப் புள்ளி போட்டபோது, இவர் மட்டும் ஒவ்வொருவராகத் தண்ணீர்ப் பைப்படிக்குக் கூப்பிட்டார். ஒருவன் வாசிப்பது மற்றவன் காதில் விழக்கூடாதாம். கையில் புத்தகமும் இல்லை. தானே எழுதிக்கொண்டுவந்த ஒரு தாளை நீட்டினார்.

நான் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.

"டீச்சர், படம் எங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவால் சைபர் போட்டார். பாஸ் மார்க் நாற்பது, அதற்குக் குறைந்தவர்கள் எல்லோரும் இனி முதல் மணிக்கு ஒரு மணித்தியாலம் முன்பே வந்து எழுத்துப் படிக்க வேண்டும் என்றார். பந்தடிக்கிற நேரம் அது.

செய்தியைக் கொஞ்சம் கண்ணீர் கலந்து அம்மாவிடம் சேர்த்தேன். அம்மாவுக்குச் சைபர் புரியவில்லை. ஆனால் அரைப்பேர் என்றால் என்னவென்று எங்கள் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கணக்கப்பிள்ளை சொன்ன கிலோ வராவிட்டால் அன்றைய நாளுக்கு அரைச்சம்பளம்தான் விழும். மழை பெய்தாலும் அரைப்பேர், கொழுந்து முற்றினாலும் அரைப்பேர். அம்மா அதற்கு ஒருநாளும் வாய்மூடிப் போனவரில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று, "திரும்ப நிறுங்க, என் கண்ணு முன்னால நிறுங்க" என்று கத்தினால் அடுத்த மலைவரை கேட்கும்.

"எம்புள்ளைக்கும் அரைப்பேரா?" என்று எழுந்தார். மறுநாள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் என்னை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்துவிட்டார்.

தலைமையாசிரியர் பெரிய சார் தன் மேசைக்குப் பின்னால் இருந்தார். டீச்சர் பக்கத்தில் நின்றார்.

"லயமே நின்னு கேக்குது இவன் படிக்கிறத. அதுக்குச் சைபரா? திரும்ப நிறுங்க டீச்சர்."

டீச்சர் மறுக்கவில்லை. புத்தகத்தை என்னிடம் தந்தார். நான் முயலைத் திறந்துவைத்து, ஒரு தடங்கல் இல்லாமல் ஒப்பித்து முடித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"நல்லாத்தானே வாசிக்கிறான்" என்றார் பெரிய சார். "நாப்பது போட்டுருவோம்."

டீச்சர் புத்தகத்தை வாங்கி, வேறு ஏதோ பக்கத்தைத் திருப்பி, படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நீட்டினார். எந்தப் பாடமென்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு நன்றாக வருவது முயல்தான். தைரியமாக முயலையே தொடங்கினேன். பாதியில் டீச்சர் கையை எடுத்தார்.

புகை விட்டுக்கொண்டு கோச்சி நின்றது.

"முயல் கோச்சி ஏறி வட்டகொடைக்குப் போகுது போல" என்று பெரிய சார் சத்தமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எழுத்துத் தெரியாதவருக்கும் முயலும் கோச்சியும் தெரியுமே. என் பிடரியில் ஒன்று விழுந்தது.

சிரித்து முடித்ததும் பெரிய சார் தணிந்த குரலில் டீச்சரிடம் சொன்னார். "சரி, இருந்தாலும் நாப்பதே போடுங்க. ஸ்கூலுக்கும் நல்ல பேரு, இந்தம்மாவுக்கும் சந்தோசம். நீங்களும் நிரந்தரமாக வேணாமா? நான்தானே உங்களப் பத்தி எழுதி அனுப்பணும்."

"போட மாட்டேன் சார்" என்றார் டீச்சர். "நாப்பது போட்டா பேசாம நாலாம் ஆண்டுக்குப் போயிருவான். அங்க யாரு இவனுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுப்பாங்க? சைபர்னு இருந்தாத்தான் காலையில எங்கிட்ட வருவான்."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய கோபத்துக்கு இறங்க ஓரிடம் வேண்டியிருந்தது.

"மூணு வருசமா இவன இங்கதானே அனுப்புறேன்? கொழுந்து கொறஞ்சா எனக்கு அரைப்பேரு போடுறாங்க. இவனுக்குப் படிப்பு கொறஞ்சா யாருக்குப் போடுவீங்க அரைப்பேரு?"

பெரிய சார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்களுக்குத்தான்க்கா" என்றார் டீச்சர். "அந்தச் சைபர் எங்களுக்குச் சேர வேண்டியது. அதனாலதான் அழிக்க மாட்டேங்கிறேன்." சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

அம்மா படங்கை இறுக்கிக் கட்டினார். "அப்ப அது அப்புடியே இருக்கட்டும்" என்றார். பிறகு பெரிய சார் பக்கம் திரும்பி, "சார், யாராச்சும் அழிச்சீங்கன்னா நான் மறுபடி வருவேன். தனியா வர மாட்டேன், எங்க மலையில பறிக்கிற அத்தன பேரோடயும் வருவேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அழிக்கச் சொல்ல வந்தவர் அழிக்கக்கூடாது என்று சண்டை போட்டுவிட்டுப் போகிறார். ஆனாலும் லயத்துப் பையன்களிடம், "எங்கம்மா டீச்சர அழ வச்சிட்டாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காலையில் மட்டும் பந்தை விட்டுவிட்டு, பனியில் மூக்கு ஒழுக, டீச்சரைச் சபித்துக்கொண்டே போனேன். எறும்புகள் ஒவ்வொன்றாக நின்றன. அப்புறம் அவற்றுக்குச் சத்தம் வந்தது.

அடுத்த வருடத் தொடக்கத்தில், பக்கத்து வகுப்புத் தொண்டராசிரியர் ஒருவருக்கு வேலை நிரந்தரமானது. அவர் வகுப்பில் யாருமே நாற்பதுக்குக் குறையவில்லை. எங்கள் டீச்சர் ஒருநாள் மதியம் பெட்டியும் கையுமாகத் தெருவோரம் பஸ்ஸுக்கு நின்றார். நான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூடுபனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. நெற்றிப் பலகையில் அது போகிற ஊரின் பெயர், மூன்று மொழியில். நான் தமிழைப் பிடித்தேன். உ, ட, ப் என்று கூட்டிக் கூட்டி, பஸ் நிற்பதற்குள் முழுசாக இழுத்துவிட்டேன்.

"உடப்புசல்லாவை! டீச்சர், உடப்புசல்லாவை!"

டீச்சர் பெட்டியைக் கீழே வைத்தார். என் தலையைப் பிடித்துத் தன் சேலையோடு அணைத்துக்கொண்டார்.

"எத்தன மார்க் டீச்சர்?" என்று கேட்டேன்.

கொண்டக்டர் சத்தம் போட, அவர் பதில் சொல்லாமல் ஏறிவிட்டார். எங்கே போகிறார், ஏன் போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. படமே இல்லாத பலகையை வாசித்தவனுக்கு ஒரு மார்க்கும் போடாமல் போகிறாரே என்ற கோபத்தில், வளைவில் பஸ் மறைகிறவரை முறைத்துக்கொண்டு நின்றேன்.