பிலோமினாவிடம் நான் கேட்காதிருந்த கேள்வி

ராசமலரின் குழந்தை இறந்தே பிறந்தது. ஒன்பது வருடம் காத்திருந்து உண்டான முதற்பிள்ளை, ஆண் குழந்தை. 1986 ஐப்பசி மாதம், ஒரு மத்தியானம். அந்தப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தகப்பனின் கையில் கொடுத்தவள் நான்தான். அவர் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார். காலையில் எல்லாம் சரி என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டார்.

அப்போது நான் தீவுப்பகுதியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சிறிய பிரசவ விடுதி ஒன்றில் மூத்த மருத்துவமாதாக இருந்தேன். எல்லாரும் என்னை மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். டொக்டர் இல்லை. பிரசவம் சிக்கலானால் தாயை வள்ளத்தில் ஏற்றி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். சண்டை நடந்த காலம், கடற்படையால் கடலில் பிரச்சினை என்றால் அதுவும் இல்லை. ஆனால் அன்று காலை வள்ளம் இறங்குதுறையில்தான் நின்றது. நேரத்தோடு தெரிந்திருந்தால் ராசமலரை அதில் ஏற்றியிருக்கலாம்.

அன்று காலை ராசமலரைப் பார்த்தவள் என்னுடன் வேலை செய்த பிலோமினா. இருபத்தாறு வயது, கடற்றொழிலாளியின் மகள். தாயின் வயிற்றில் மரக்குழலை வைத்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டு, அரை மணிக்கொரு தடவை எழுத வேண்டும். அவள் ஒவ்வொரு தடவையும் நிமிசத்துக்கு நூற்றிநாற்பது, சுகமான துடிப்பு, என்று ஒரே மாதிரி எழுதியிருந்தாள். நான் வந்து குழலை வைத்தபோது ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. தகப்பனும் மற்றத் தாய்மாரும் பார்த்திருக்க, "உம்மாலதான் இந்தப் பிள்ளை செத்தது. இந்த வேலைக்கு நீர் லாயக்கில்லை" என்றேன். அவள் அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது எனக்குத் திமிராகப் பட்டது.

அதன்பிறகு அவள் இன்னும் மோசமானாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்று சொன்னால் வேறொன்று செய்தாள். எத்தனையோ தடவை ஏசினேன். அவளை நிறுத்தலாம் என்றால் வேறு ஆள் கிடையாது. படித்த பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். தனியே எல்லாத் தாய்மாரையும் பார்க்க என்னால் ஏலாது. இனி ஒரு பிள்ளை சாகும், அதையும் நான்தான் துணியில் சுற்றுவேன் என்று நினைத்தேன்.

விடுதிக்குப் பின்னால் சிற்றாலயம் ஒன்று இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் முழங்காலில் நின்று ஒன்பது நாள் செபித்தேன். என்ன செபம் தெரியுமா? ஆண்டவரே, இவளை எடுத்துவிட்டு வேறொருத்தியைத் தாரும் என்பதுதான். அவள் செய்த பிழைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒன்பது நாளும் ஒன்றும் நடக்கவில்லை.

பத்தாம் நாள் எனக்குச் சொல்லுவதற்குப் பிழைகள் முடிந்துபோய்விட்டன. சும்மா இருந்தேன். காட்சி ஒன்றும் காணவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நினைப்பு மட்டும் வந்தது. இவளைப் பற்றி இவ்வளவு முறையிட்டேனே, இவளிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? அந்த நினைப்பு என்னுடையது அல்ல என்று இன்றைக்கும் நம்புகிறேன். அப்போது எனக்கிருந்த கோபத்தில் எனக்கு அது வந்திருக்காது.

அன்று பின்னேரம் பிலோமினாவைத் துணிகள் வைக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். ஒரே வாங்குப் பலகையில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உமக்கு ஏசினது என்ர பிழை. ஆனா நீர் எழுதினதும் பிழை. ரெண்டையும் கதைப்பம். அந்த நூற்றிநாற்பதை நீர் கேட்டனீரோ?"

அவள் என் வாயிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தாள்.

"இல்லை மிசி. எனக்குக் கேக்கேல்லை."

பிறகு நடந்ததைச் சொன்னாள். ஆனியில் கரையில் செல் குண்டு விழுந்து அவளுடைய தகப்பன் அந்த இடத்திலேயே இறந்தார். அவள் சற்றுத் தள்ளி நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து வலது காதில் இரைச்சல் மட்டும்தான், இடது காதும் கொஞ்சம் மந்தம். வழக்கமாகக் குழலை வைப்பதும் அந்தக் காதில்தான். ஆட்கள் பேசுவதை வாயைப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நிப்பாட்டிப்போடுவியள். வீட்டில அம்மாவும் தங்கச்சிமாரும் என்னை நம்பித்தான் இருக்கினம். அண்டைக்கு மற்றக் காதாலும் வைச்சுப் பாத்தனான் மிசி. அதிலயும் கேக்கேல்லை. பயத்தில எழுதிப்போட்டன்."

அவளைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல மனம் வந்தது. ஆனால் இறந்த பிள்ளையை நினைத்தேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "காது போனது உம்மட குற்றமில்லை. கேக்காததைக் கேட்டதா எழுதினது குற்றம். இனிக் கேக்கேல்லை எண்டா என்னைக் கூப்பிடும். எத்தினை தரமெண்டாலும் கூப்பிடும். நான் ஏசமாட்டன்." அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன்.

இருவருமாக விடுதியை நடத்திய பெரிய சிஸ்டரிடம் போய் உள்ளதைச் சொன்னோம். பிலோமினா தனியே துடிப்புப் பார்க்கக்கூடாது, அவள் கேட்டபின் நானும் கேட்க வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். இரண்டு மாதம் அப்படியே செய்தோம். அவள் இடது காதால் கேட்டு எண்ணுவாள், நான் பிறகு எண்ணுவேன். முதலில் அவள் எண்ணிக்கை பிழையாக வந்தது. மெல்ல மெல்ல ஒத்துவந்தது. அதன்பிறகு அவள் தனியே பார்க்க சிஸ்டர் விட்டார்.

ராசமலரின் வீட்டுக்கும் போனோம். பிலோமினா தானே வாய்திறந்து நடந்ததைச் சொன்னாள். ராசமலர் எழும்பி உள்ளே போய்விட்டார். "இனி இஞ்ச வராதேங்கோ" என்றார் புருசன். அவர்கள் எங்களை மன்னித்ததாக நான் சொல்லமாட்டேன். மன்னிக்கவில்லை.

அடுத்த மாசியில் ஒரு காலை, நான் குழந்தை ஒன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பிலோமினா ஓடி வந்தாள்.

"மிசி, துடிப்பு இறங்குது. பிறகு கேக்கேல்லை. நான் ஒண்டும் எழுதேல்லை. வந்து பாருங்கோ."

குழலை வைத்தேன். துடிப்பு விட்டுவிட்டுக் கேட்டது. உடனே வள்ளத்துக்கு ஆள் அனுப்பினோம். அன்று கடலில் போவது பயம். கம்பில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். மற்றத் தாய்மாரை விட்டு நான் போக முடியாது. பிலோமினாதான் அந்தத் தாயை மடியில் சாய்த்துக்கொண்டு போனாள். நான் சிற்றாலயத்துக்குப் போகவுமில்லை. நின்ற இடத்திலேயே நின்று செபித்தேன்.

பின்னேரம் செய்தி வந்தது. ஊர்காவற்றுறையில் இடுக்கி ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

சகோதரங்களே, நான் வேறொருத்தியைக் கேட்டேன். ஆண்டவர் அதே பிலோமினாவைத் திருப்பித் தந்தார், என்னையும் திருத்தினார். தொண்ணூறில் தீவை விட்டு எல்லாரும் ஓடி வந்தபின், அவள் அகதிமுகாமில் தாய்மாரைப் பார்த்தாள். காது இன்னும் அப்படித்தான். ராசமலருக்கு வேறு பிள்ளை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. அவருக்காக ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறேன்.

உங்களுடன் வேலை செய்கிற ஒருவரைப் பற்றி ஆண்டவரிடம் முறையிட முழங்காலில் நிற்கிறீர்களா? நில்லுங்கள், அவர் கேட்பார். பிறகு எழும்பிப் போய் அந்த ஆளின் பக்கத்தில் இருங்கள்.