மூலை அலமாரிப் புத்தகங்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் மயிலாப்பூரில் ஒரு சிறிய பொது நூலகத்தில் நான் நூலகர். வயிற்றெரிச்சல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவந்தது அங்கேதான். எனக்குக் கீழே உதவியாளனாக வந்தவன் ராயப்பேட்டைக்காரன், என் வயதுதான். அவன் ஒரு பாவமும் செய்யவில்லை, சிரித்த முகத்தோடு வந்தான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

நூலக மாடியில் பெண்களுக்கென்று ஒரு வாசிப்பறை அமைக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புத்தகம் வேண்டுமென்றால் கணவனிடமோ தம்பியிடமோ சொல்லியனுப்புவார்கள். அவன் கையில் எது அகப்படுகிறதோ அதைத்தான் படித்தாக வேண்டும். நாலு வருஷம் கமிட்டிக்கு மனு எழுதினேன், பட்ஜெட்டில் இடமில்லை என்றார்கள். இவன் வந்த ஆறாம் மாதம் ஒரே ஒரு பக்கம் எழுதினான். வாரம் ஒரு நாள் ஒரு பெட்டிப் புத்தகங்களைக் கைவண்டியில் ராயப்பேட்டைக்குக் கொண்டுபோய்ப் படிக்கக் கொடுக்கலாம் என்று.

கமிட்டித் தலைவர் ஓய்வு பெற்ற வக்கீல். "பேஷ்! மூணு மாசம் நடத்திப் பாப்போம். நன்னா நடந்தா அடுத்த வருஷப் பணம் இதுக்குத்தான். இல்லேன்னா உங்க மாடி ரூம்" என்று என்னைப் பார்த்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பெட்டிக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும். யாராவது எடுத்துப்போனால் அதில் முத்திரை குத்துவோம். மூன்று வருஷம் முத்திரையே விழாத புத்தகம் மூலை அலமாரிக்குப் போகும், கழித்துவிடுவதற்காக. சோப்பு செய்முறை, தையல், சாயம் போடுவது, மோட்டார் ரிப்பேர், கோழி வளர்ப்பு. எங்கள் வாசகர்களில் எவர் சோப்புக் காய்ச்சப் போகிறார்? அந்த அலமாரியைத் திறந்து பெட்டியை நிரப்பினேன். துப்பறியும் நாவல் ஒன்றுகூடப் போய்விடாமல் பார்த்துக்கொண்டேன். அவன் பெட்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "சரி சார்" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

பெட்டி காலியாகத் திரும்பி வந்தது. எங்கேயோ போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் புத்தகங்கள் வந்தன, ஓரமெல்லாம் கிரீஸ் கறையோடு, சீட்டுகளில் புது முத்திரையோடு. மூன்றாம் வாரம் பொறுக்க முடியாமல் நானே போய்ப் பார்த்தேன்.

ஒரு சந்தில் தையற்கடை முன்னால் வண்டி நின்றது. ஒர்க்‌ஷாப் ஆள் ஒருவர் அவனைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, மோட்டார் புக்கு வந்துச்சா? ரெண்டு வாரமா கேட்டுக்கினு கீறேன்!" என் நூலகத்தில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். எதிர்வரிசை வீடுகளில் வாசல் திரையை விலக்கிப் பெண்கள் நின்றார்கள். அவன் ஒவ்வொரு வாசலாகப் புத்தகங்களை நீட்ட, அவர்களே புரட்டிப் பார்த்து, இது வேண்டாம், அது வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். நாலு வருஷமாக நான் மனு எழுதிக் கேட்டது அந்தச் சந்தில் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்துவிட்டதே என்றல்ல, அவன் கையால் நடந்துவிட்டதே என்று.

மூன்று மாதம் முடிந்து கமிட்டி கூடியது. தலைவர் பெட்டிப் புத்தகங்களைப் புரட்டிச் சீட்டுகளைப் பார்த்தார். "மாடி ரூம் இப்போ வேண்டாம். ராயப்பேட்டைக்குப் பணம் ஒதுக்கிடலாம்" என்றார். எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். அவன் எழுந்தான்.

"நான் வண்டிதாங்க தள்ளினேன். அந்த ஜனங்களுக்கு இன்னா வேணும்னு பார்த்துப் பொறுக்கிக் குடுத்தது சாருதான்."

தலைவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். கைதட்டினார்கள். தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன், அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்ததும் படியில் அவன் எனக்காக நின்றான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் சிரித்தான்.

"கழிக்க வெச்சது இன்னும் மீதி கீதா சார்? இருந்தா நாளைக்கு அதையே குடுங்க."

முதல் நாளே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மாடி அறை போனதைக் கொஞ்ச நாளில் மறந்துவிட்டேன். அப்படி ஒரு மனசு அவனுக்கு இருந்து எனக்கு இல்லாமல் போனதே என்ற பொறாமை இன்றுவரை போகவில்லை.